மேலே யாருமில்லை, ஆனால் தட்டுகிறது

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணி இருக்கும். நான் ஹோலில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து யாரோ தட்டினார்கள்.

டக்... டக் டக்.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கௌரி கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மேல ஆரோ தட்டினம்."

"மேல ஒருத்தரும் இல்லையப்பா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

உண்மைதான். எங்கள் மேல்மாடியில் இப்போது யாரும் இல்லை. வாடகைக்கு இருந்த இளம் தம்பதி செப்டெம்பர் கடைசியில் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே கிடப்பது ஒரு பழைய சோபா மட்டும். அப்படியென்றால் தட்டியது யார்? பேயா? ரொறன்ரோ வாடகைக்கு எந்தப் பேய்க்கும் கட்டுப்படியாகாது.

ஆனாலும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பயத்தால் அல்ல. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஆறு வருடத்துக்கு முன்பு என் அண்ணையை இந்த வீட்டை விட்டுப் போகவைத்தது அந்தச் சத்தம்தான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது டான்ஃபோர்த் பக்கம். செங்கல் வீடு, என்னைவிட வயது கூடியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஸ்ரௌவ்வில், ஒஷாவா என்று புதுவீடு வாங்கிப் போன பிறகும் நான் இங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். புதுவீடுகளில் சூடான காற்றை ஊதி வீட்டைச் சூடாக்குவார்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. பேஸ்மென்றில் ஒரு பொயிலர் இருக்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே மேலும் கீழும் தள்ளும். அறைக்கு அறை ஜன்னலுக்குக் கீழே ஓர் இரும்பு ரேடியேற்றர். தண்ணீர் அதற்குள் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பப் பொயிலருக்கு வரும். நூறு வருடப் பழசு என்றாலும் அந்தச் சூடு ஒரு தனிச் சுகம்.

வீட்டை நானும் அண்ணையும் சேர்ந்துதான் வாங்கினோம். தனித்தனியே வாங்க வழியில்லாத காலம். அண்ணை குடும்பம் மேலே, நாங்கள் கீழே. அண்ணை, மச்சாள், அவர்களுடைய ஒரே மகள் அபி — என் பெறாமகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அபி மேலே படுத்தாள், கீழே சாப்பிட்டாள். கறிச்சட்டி ஏறுவதும் இறங்குவதும் அவள் கையில்தான். இரண்டு பக்கத்துச் செய்தியும் அவள் வாயில்தான்.

அபி வீட்டில் இல்லாத நேரங்களில் எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. அண்ணை ஒரு கரண்டியை எடுத்து ரேடியேற்றர் குழாயில் தட்டுவார். இரும்புக் குழாய் அல்லவா... கீழே எங்கள் ஹோலில் மணிபோலக் கேட்கும். நான் எழும்பி மேலே போவேன். கணவாய்க் கறி இருக்கும். அல்லது ரிவியில் ஏதாவது போகும். அல்லது ஒன்றுமே இருக்காது, சும்மா இருந்து கதைப்போம். நான் தட்டினால் அவர் இறங்கி வருவார். எதற்கென்று நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. தட்டினால் போகவேண்டும். அவ்வளவுதான்.

இப்படி ஒன்பது வருடம் போனது. இரண்டு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது வருடம்! சொந்தக்காரர்களுக்குப் பொறாமை.

பிறகு தேர்மோஸ்ராற் சண்டை வந்தது. சகோதரங்கள் காணி பூமிக்காகச் சண்டைபிடிப்பதெல்லாம் ஊரோடு போயிற்று. கனடாவில் சண்டைபிடிக்க, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னப் பெட்டி போதும். அந்தப் பெட்டி எங்கள் ஹோல் சுவரில் இருந்தது. எனக்குக் குளிர்ந்தால் கூட்டிவிடுவேன். சூடு மேலேதானே போகும்? மேல்வீடு வெந்துபோகும். மச்சாள் ஜனவரி மாதத்தில் ஃபேன் போட்டுக்கொண்டு இருந்தார்.

"சித்தப்பா, இட்ஸ் லைக் அ சோனா அப் தெயர்! அம்மா கத்திக்கொண்டு நிக்கிறா," என்று அபி இறங்கி வருவாள். நான் குறைப்பேன். அவள் போனதும் கௌரி விறைக்குது என்பாள். திரும்பக் கூட்டுவேன்.

சமாதானம் செய்ய நினைத்து நான் ஒரு வேலை செய்தேன். ரேடியேற்றருக்குப் பூட்டுகிற குமிழ் வால்வ் ஒன்று இருக்கிறது. அறை போதிய அளவு சூடாகிவிட்டால் அந்தக் குமிழ் தானாகவே தண்ணீரை மூடிவிடும். ஒவ்வோர் அறைக்கும் அதனதன் சூடு. ஆளாளுக்கு அவரவர் விருப்பம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, வீட்டில் ஒன்று விடாமல் எல்லா ரேடியேற்றருக்கும் பூட்டுவித்தேன். குளியலறைக்கும் பூட்டினோம். தேர்மோஸ்ராற் இருக்கிற ஹோலுக்கும் பூட்டினோம். ஏன் எல்லாவற்றுக்கும்? கீழே ஒன்றை விட்டுவைத்தால், "தம்பியார் தனக்கு வசதியாச் செய்துபோட்டார்" என்று மச்சாள் நினைத்துவிடுவாரே! நியாயம் என்றால் நியாயமாக இருக்கவேண்டாமா? அன்றைக்கு என் நியாய உணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்.

பூட்டி இரண்டாவது கிழமை, ஒரு சனிக்கிழமை பின்னேரம். குழாய் தட்டியது.

நான் வழக்கம்போல எழும்பிப் போனேன். இடுப்பில் சாரம். மேலே ஓட்டை விழுந்த பெனியன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் — பட்டுச் சேலைகள். கோட் போட்ட இரண்டு பேர். மேசை நிறையப் பலகாரம். அபிக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"கூப்பிட்டனீங்களோ அண்ணை?"

"நாங்கள் ஒருத்தரும் கூப்பிடேல்லையே..." என்றார் அண்ணை. அவருடைய முகம் கறுத்துப்போயிருந்தது.

நான் இறங்கி வந்துவிட்டேன். எனக்குச் சொல்லாமல் அபிக்குச் சம்பந்தம் பேசுகிறார்களே என்ற கோபம் எனக்கு. தட்டினார்கள் என்று பொய் சொல்லிக்கொண்டு வேவு பார்க்க வந்தேன் என்ற கோபம் அவர்களுக்கு. அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. சித்தப்பன் சாரத்தோடு வந்து நின்றதுதான் காரணம் என்று மச்சாள் யாருக்கோ சொன்னதாக எனக்குக் கதை வந்தது.

நேரே கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். "அண்ணை, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" இவ்வளவுதானே? ஆனால் நாங்கள் நேரே கேட்கிற ஆட்களா? கோபம் வந்தால் எங்களுக்கு வாய் திறக்காது. கதைபேச்சை நிறுத்திவிடுவோம். மற்றவனாக வந்து கேட்கட்டும் என்று இருப்போம். மற்றவனும் அதையே நினைத்துக்கொண்டு இருப்பான்.

ஆனால் குழாய் நிற்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும், இரண்டு குசினியிலும் அடுப்பு எரிகிற நேரம் பார்த்து, டக்... டக் டக். என்னைப் பழிக்கிறார்கள் என்று நினைத்தேன். 'கூப்பிட்டனீங்களோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தியே, வா பாப்பம்' என்கிறார்களாம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் நிலம் துடைக்கிற தடியை எடுத்து முகட்டில் நாலு இடி இடித்தேன். அதற்கும் பதில் வந்தது. டக்.

இடையில் நின்று சொல்ல அபியும் இல்லை. அவள் தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வன்கூவருக்குப் போய்விட்டாள். பனி கொட்டுகிற இரண்டு மாரிகாலம் இப்படியே தட்டுவதும் இடிப்பதுமாகப் போயிற்று. அண்ணை ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார். சாமான் ஏற்றிய அன்று கௌரியிடம், "போட்டு வாறன் பிள்ளை," என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு சத்தம் அடியோடு நின்றுவிட்டது. மேலே வந்த இளம் தம்பதி இருந்த காலம் முழுவதும் ஒரு தட்டலும் இல்லை.

"பாத்தியே? அப்ப தட்டினது அவையள்தான்," என்றேன் கௌரியிடம். அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

வழக்கில் நான் வென்றுவிட்டேன். வென்ற மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அண்ணை செருப்பை இழுத்து இழுத்து நடப்பார். செய்தி தொடங்கமுன் ஒருதரம் செருமுவார். அவர் இருக்கும்போது எரிச்சலாக இருந்த அந்தச் சத்தங்களை, அவர் போன பிறகு நான் காது கொடுத்துத் தேடியிருக்கிறேன். கோயிலிலும் செத்தவீடுகளிலும் காண்போம். அவர் கௌரியைப் பார்த்து, "சுகமோ பிள்ளை?" என்பார். அந்தச் சுகத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்பேன். உள்ளதைச் சொல்கிறேன் — எனக்கு அண்ணை வேண்டும் போல இருந்தது. ஆறு வருடமும் இருந்தது.

இப்போது மேலே ஆளில்லை. ஆனால் தட்டுகிறது. நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை காலை அன்ரன் வந்தார். மல்வேர்னில் இருக்கிறார், ஹீற்றிங் வேலை, சொந்த இடம் மன்னார். ஆள் அதிகம் கதைக்கமாட்டார். பேஸ்மென்றுக்குப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். மேலே ஏறினார். திரும்ப இறங்கினார். அறை அறையாகக் குமிழ்களை எண்ணினார். ஹோலுக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"அண்ணை, ஆர் உதெல்லாம் பூட்டினது?"

"முந்தி ஒரு ஆள்... ஏன் தம்பி?"

"ஒண்டையும் விடாமப் பூட்டியிருக்கு. தேர்மோஸ்ராற் இருக்கிற ஹோலிலையும் பூட்டியிருக்கு. தேர்மோஸ்ராற் சூடு வேணும் வேணும் எண்டு கேக்குது. குமிழ் விடமாட்டன் எண்டு நிக்குது. நடுவில பம்ப் பாவம், தள்ளிக்கொண்டே நிக்குது. எல்லாக் கதவும் பூட்டு, தண்ணி எங்க போறது? வால்வ் எல்லாம் கிடந்து துடிக்கும். பைப் போய் மரத்தில இடிக்கும். அதுதான் உங்களுக்குத் தட்டுற மாதிரிக் கேக்குது."

"அப்ப ஏன் பின்னேரத்தில மட்டும்?"

"சமைக்கிற நேரம் வீடு சூடாகும். குமிழ் எல்லாம் ஒண்டாப் பூட்டும்."

மருந்து என்ன என்று கேட்டேன். பைபாஸ் வால்வ் என்றார்.

"பொயிலரில இருந்து போற பைப்புக்கும் திரும்பி வாற பைப்புக்கும் நடுவில போடுற ஒரு சின்ன வால்வ். உள்ளுக்கு ஸ்பிரிங். மற்றதுகள் திறந்திருக்கேக்க அது பேசாமப் பூட்டிக்கொண்டு இருக்கும். எல்லாம் பூட்டி, அமுக்கம் கூடினா மட்டும் தான் திறந்து தண்ணியைத் திருப்பி விடும்."

"எல்லா வீட்டுக்கும் வேணுமோ?"

"இல்லையண்ணை. ஒரு ரேடியேற்றரைக் குமிழ் இல்லாம விட்டிருந்தாலே போதும், தண்ணி அதால திரும்பியிருக்கும். சில புதுப் பொயிலருக்கு உள்ளுக்கே இருக்கு. சில புதுப் பம்ப் தானே வேகத்தைக் குறைக்கும். உங்கட வீட்டில இதொண்டும் இல்லை, அப்ப போடத்தான் வேணும். ஆனா அளவாத் திறக்கவேணும். கூடத் திறந்தா சுடுதண்ணி அறைக்கே போகாமச் சுத்திக்கொண்டு வந்திடும். வீடு குளிரும்."

நான் யோசித்தேன். ஓர் இடத்தில் கணக்கு இடித்தது.

"தம்பி, இடையில ஆறு வருஷம் சத்தம் இல்லையே. வாடகைக்கு ஆக்கள் இருந்தவை."

"அவை என்ன, ஜன்னல் திறந்து வைக்கிற ஆக்களோ?"

அந்தப் பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும். பெப்ரவரியிலும் ஜன்னலை ஒரு சாண் திறந்துதான் வைத்திருப்பார்கள். அவர்களோடு நான் சண்டைபிடித்ததே அதற்குத்தான்.

"அப்ப அறை சூடாகாது. குமிழ் பூட்டாது. சத்தம் வராது," என்றார் அன்ரன். "அவை போனாப் பிறகு மேல எல்லா ஜன்னலையும் நீங்கள் பூட்டியிருப்பியள். எத்தினை வருஷமாத் தட்டுது அண்ணை? முதல்முதல் எப்ப?"

எட்டு வருடம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் போய்ப் பேஸ்மென்ற் படியில் இருந்துவிட்டேன். என் சமாதான முயற்சிதான் தட்டியிருக்கிறது. அண்ணை அன்றைக்குச் சொன்னது உண்மை. யாரும் கூப்பிடவில்லை.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள் கௌரி.

"ஃபோனில சொல்லட்டே?"

"ஆறு வருஷத்தை ஃபோனில சொல்லுவியளே? நேர போங்கோ."

புதன்கிழமை ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அண்ணைதான். தலை முழுக்க வெள்ளை. கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா," என்றார். மச்சாள் வன்கூவரில், அபிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. என் பெறாமகளுக்குப் பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியாது!

நிலத்தில் இருக்கிற துவாரத்தால் சூடான காற்று ஊதிக்கொண்டிருந்தது. நான் ஒரு பழைய கடித உறையைத் திருப்பி, பொயிலர், பம்ப், குழாய், குமிழ் எல்லாம் கீறி விளங்கப்படுத்தினேன். இதைவிடக் கவனமாக நான் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தியதில்லை. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ தட்டேல்லையோ?"

"தடியால இடிச்சது நான்தான் அண்ணை. அது பிறகு. முதல் தட்டினது பைப். நீங்களும் தட்டேல்லை, நானும் தட்டேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் தட்டினனான்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கடைசி மாரியில. அபியும் போயிட்டாள், உன்ர மச்சாள் பின்னேர வேலை. தனிய இருக்க ஏலாமக் கிடக்கும். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திப்போட்டு, கரண்டியால தட்டுவன். நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டு இருப்பன்."

"எத்தினை தரம்?"

"ஆர் எண்ணினது? ஆறினாப் பிறகு ரெண்டையும் நானே குடிச்சிடுவன்."

நான் அழுதுவிட்டேன். இந்த வயதில் இன்னொருவருடைய குசினியில் இருந்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. நான் இடித்த இடிகளில் எத்தனை பம்புக்கு, எத்தனை அண்ணைக்கு? எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தானே கேட்டது. குழாயில் குற்றம் இருந்தது, சரி. ஆனால் தட்டினால் போகவேண்டும் என்ற ஒன்பது வருடப் பழக்கத்தை நிறுத்தியது குழாய் இல்லை. ஒரே ஒருநாள், கோபத்தோடு என்றாலும், மேலே ஏறிப் போயிருந்தால்... சண்டைபிடிக்கவாவது போயிருந்தால்...

அண்ணை கடித உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்த வால்வைக் கெதியாப் போடு. பம்ப் எரிஞ்சுபோடும்," என்றார். ஒருக்கால் வந்து பாருங்கோவன் என்றேன். வருவதாகச் சொன்னார். ஆனால் மேலே ஏற மாட்டாராம். முழங்கால் இரண்டும் போய்விட்டது. அந்த மேல்வீட்டில் நானும் அவரும் இனிச் சேர்ந்து இருக்கப்போவதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டாலும் அது முடிந்துபோன காரியம்.

வெள்ளிக்கிழமை அன்ரன் வந்து வால்வைப் பூட்டி, அளவாகத் திறந்துவிட்டுப் போனார். வீடு இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறது. ஆறு மணிக்கு நான்தான் சும்மா முகட்டைப் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் பைபாஸ் வால்வ் அவசியமா என்று கேட்டால், என் பதில்: எல்லா ரேடியேற்றருக்கும் குமிழ் பூட்டி, பொயிலரிலோ பம்பிலோ வேறு வழியும் இல்லையென்றால் அவசியம். ஒன்றையாவது குமிழ் இல்லாமல் திறந்து வைத்திருந்தால் தேவையில்லை. மிச்சத்தை அன்ரனைப் போல வேலை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாராவது தட்டினால் எழும்பிப் போய்ப் பாருங்கள்... வெறும் பைப்பாக இருந்தாலும் பரவாயில்லை.